மறக்கச் சொன்ன மொழியில் போன செய்தி

புலம்பெயர்ந்து வந்த ஒவ்வொரு நாட்டிலும் எமது பெற்றோர் மத்தியில் ஒரு கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது. இந்த நாட்டிலே தமிழால் பிள்ளைக்கு என்ன பயன்? படிப்பு இந்த நாட்டு மொழியில். வேலை இந்த நாட்டு மொழியில். கடை, வைத்தியசாலை, அரச அலுவலகம் எல்லாமே இந்த நாட்டு மொழியில். அப்படியிருக்க, விடுமுறை நாளில் பிள்ளையை நித்திரையால் எழுப்பித் தமிழ்ப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போவது எதற்காக என்று சிலர் வெளிப்படையாகவே கேட்கின்றனர். வேறு சிலர் கேட்காமலே விட்டுவிடுகின்றனர்.

இக்கேள்விக்கு அறிவுரை சொல்வதிலும் பார்க்க, இதே கேள்வியை எமக்கு முன்னர் எதிர்கொண்ட ஒரு சிறிய இனத்தின் கதையைச் சொல்வது நல்லது என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் வாழும் கொமாஞ்சி என்னும் செவ்விந்திய இனத்தவரின் கதை இது. அவர்களில் சார்ள்ஸ் சிபிட்டி என்ற இளைஞர் இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்க இராணுவத்தின் 4ஆவது சமிக்ஞைக் கம்பனியில் பணியாற்றினார். பாடசாலையில் எந்த மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டாரோ, அதே மொழியைப் பேசுவதற்காகவே இராணுவம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

நாம் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். போரின் பெருமையைப் பாடுவது எமது நோக்கமல்ல. ஒரு மொழிக்கு என்ன நடந்தது என்பதே இங்கு நாம் சொல்ல வருவது.

நிலம் இழந்த இனம்

கொமாஞ்சிகள் தம்மை 'நுமுனு' என்று அழைப்பர். 'மக்கள்' என்பது அதன் பொருள். 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவின் தெற்குச் சமவெளியில் அவர்களை மிஞ்சிய குதிரை வீரர் கிடையாது. காட்டெருமை மந்தைகளைத் தொடர்ந்து சென்று வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். வெள்ளையர் குடியேற்றம் பெருகியது, காட்டெருமைகள் கொன்றொழிக்கப்பட்டன. 1875ஆம் ஆண்டு அவர்களின் தலைவர்களில் ஒருவரான குவானா பார்க்கர் தமது கூட்டத்தாருடன் சில் கோட்டையில் அமெரிக்க இராணுவத்திடம் சரணடைந்தார். அத்துடன் அவர்களின் சுதந்திர வாழ்வு முடிந்தது.

அதன் பின்னர் அவர்கள் ஒதுக்கப்பட்ட ஒரு நிலப்பரப்பிலே வாழ வைக்கப்பட்டனர். அதுவும் நிலைக்கவில்லை. 1901ஆம் ஆண்டளவில் ஆளுக்கு 160 ஏக்கர் என்று துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, எஞ்சிய காணியை அரசாங்கம் வெள்ளைக் குடியேற்றக்காரருக்குத் திறந்துவிட்டது. சொந்த மண்ணிலேயே அவர்கள் சிறுபான்மையினர் ஆயினர். இந்த மண்ணின் மூத்த குடிகளான செவ்விந்தியர் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததே 1924ஆம் ஆண்டில்தான்.

பள்ளிக்கூடத்தில் கிடைத்த தண்டனை

நிலத்தை எடுத்த பின்னர் மொழியின் மீது கை வைத்தார்கள். செவ்விந்தியப் பிள்ளைகளுக்கென அரசாங்கம் விடுதிப் பாடசாலைகளை நடத்தியது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து, தலைமயிரைக் கத்தரித்து, சீருடை அணிவித்து, ஆங்கிலம் மட்டுமே பேச வைப்பது அப்பாடசாலைகளின் வழக்கம். சொந்த மொழி பேசிப் பிடிபட்டால் தண்டனை.

சார்ள்ஸ் சிபிட்டி 1921ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி ஒக்லகோமாவிலே பிறந்தவர். சில் கோட்டையில் இருந்த செவ்விந்தியர் பாடசாலையில் படித்தார். அங்கே கொமாஞ்சி மொழி பேசியதற்காகத் தானும் கூடப் படித்தவர்களும் தண்டிக்கப்பட்டதை முதிய வயதில் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். எங்களைச் சின்னச் சின்ன வெள்ளைக்காரப் பையன்களாக ஆக்கப் பார்க்கிறார்கள் என்று தமது மைத்துனரிடம் அக்காலத்திலேயே சொன்னதாகவும் அவர் நினைவுகூர்ந்தார். பின்னர் கன்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹஸ்கல் என்ற செவ்விந்தியர் கல்லூரிக்குப் போனார்.

தண்டனைக்குப் பயந்து பல பிள்ளைகள் மொழியை விட்டுவிட்டனர். வளர்ந்த பின்னர், தாம் பட்ட பாடு தமது பிள்ளைகளும் பட வேண்டாம் என்று அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டவர்களும் பலர். ஆயினும் சில வீடுகளில் பேரன், பேர்த்தியார் மூலமாக மொழி தங்கி நின்றது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளைகள் மறுபடியும் கொமாஞ்சியிலே பேசினர். தமக்குள் இரகசியமாகவும் பேசிக்கொண்டனர். பின்னால் நடந்ததெல்லாம் இந்த வீடுகளால் வந்ததே.

17 இளைஞர்கள்

1940ஆம் ஆண்டின் இறுதி. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் போரிலே குதிக்கவில்லை. கொமாஞ்சி மொழி சரளமாகப் பேசக்கூடிய இளைஞர்கள் இராணுவத்துக்குத் தேவை என்ற செய்தி ஒக்லகோமாவில் பரவியது. 1941 ஜனவரியில், 19 வயதில், சிபிட்டி இராணுவத்தில் சேர்ந்தார். அவருடன் சேர்த்து 17 கொமாஞ்சி இளைஞர்கள் ஜோர்ஜியா மாநிலத்தின் பெனிங் கோட்டையில் பயிற்சி பெற்றனர். எல்லோருமே 4ஆவது காலாட்படை டிவிசனின் சமிக்ஞைக் கம்பனியைச் சேர்ந்தவர்கள்.

இராணுவப் பயிற்சி அவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. விடுதிப் பாடசாலையில் சிறு வயது முதலே மணி அடித்தால் எழும்பி, வரிசையில் நின்று, அணிநடை பழகியவர்கள் அல்லவா!

இப்படியான யோசனை இராணுவத்துக்கு எப்படி வந்தது? அதற்கு ஒரு முன்னுதாரணம் இருந்தது. முதலாம் உலகப் போரின் கடைசி வாரங்களில், 1918 ஒக்டோபரில், பிரான்சில் நின்ற அமெரிக்கப் படை ஒன்றின் தொலைபேசிக் கம்பிகளை ஜேர்மனியர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தனர். அந்தப் படையிலே இருந்த சொக்டோ இனத்துச் சிப்பாய்களைத் தொலைபேசியில் அவர்களின் மொழியில் பேச வைத்தார்கள். எதிரிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு அம்மொழியில் சொல் இல்லாதபடியால் 'வேகமாகச் சுடும் சின்னத் துவக்கு' என்றார்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் பட்டாளங்களை ஒரு சோள மணி, இரண்டு சோள மணி, மூன்று சோள மணி என்றார்கள். அந்த அனுபவத்தைத்தான் இராணுவம் இம்முறை முன்கூட்டியே திட்டமிட்டுப் பயன்படுத்த நினைத்தது.

சமிக்ஞைக் கம்பனி என்றால் என்ன?

ஷெல், பங்கர், வோக்கி டோக்கி என்ற சொற்களை எமது பிள்ளைகள் தொட்டிலில் கிடக்கும்போதே கேட்டு வளர்ந்தார்கள். ஆனாலும் சமிக்ஞைக் கம்பனியின் வேலை என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

ஒரு டிவிசனில் பதினையாயிரம் பேர் வரை இருப்பர். 4ஆவது டிவிசனின் காலாட்படையில் 8ஆவது, 12ஆவது, 22ஆவது என மூன்று றெஜிமென்ட்டுகள் இருந்தன. முன்னணியில் நிற்கும் இந்தப் படைகளுக்கும் பின்னால் இருக்கும் தலைமையகத்துக்கும் இடையே பேச்சு நடந்துகொண்டே இருக்க வேண்டும். எதிரி எங்கே நிற்கிறான், ஷெல் எங்கே விழ வேண்டும், காயப்பட்டவர்களை எந்தப் பாதையால் கொண்டுபோவது என்பதெல்லாம் உடனுக்குடன் தெரிய வேண்டும். இதற்கான கம்பி இழுப்பது, தொலைபேசி இணைப்பது, வானொலி இயக்குவது, செய்தி கொண்டு ஓடுவது யாவும் சமிக்ஞைக் கம்பனியின் பொறுப்பு.

கம்பி இழுப்பது சொல்வதுபோல் இலகுவான வேலை அல்ல. உருளையில் சுற்றிய கம்பியை ஜீப்பிலோ தோளிலோ சுமந்து, பள்ளங்களிலும் வேலிக்கரைகளிலும் மரக்கிளைகளிலும் இழுத்துக்கொண்டு போவார்கள். ஷெல் விழுந்தால் கம்பி அறும். சொந்தப் படையின் வாகனம் ஏறினாலும் அறும். அறுந்தால் இரவென்றும் பகலென்றும் பாராமல் இருவர் புறப்பட வேண்டும். கம்பியைக் கையால் தடவித் தடவிப் போய், அறுந்த முனையைக் கண்டுபிடித்து, மறு முனையைத் தேடி எடுத்து முடிய வேண்டும். மற்றவர்கள் ஷெல்லுக்குப் பயந்து குழிக்குள் இருக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போவது இவர்களின் கடமை. எமது கொமாஞ்சி இளைஞர்களும் இந்த வேலைகள் எல்லாவற்றையும் செய்தவர்களே. மொழி பேசுவது அவர்களின் கூடுதல் பொறுப்பு.

கம்பியை எதிரி ஒட்டுக்கேட்கலாம். வானொலியோ ஊருக்கெல்லாம் கேட்கும். ஆகவே முக்கியமான செய்தியை இரகசியக் குறியீடாக மாற்றித்தான் அனுப்புவார்கள். எழுத்தெழுத்தாக மாற்றி, அனுப்பி, மறுபக்கத்தில் எழுத்தெழுத்தாகத் திருப்பி எடுப்பதற்குள் காலம் ஓடிவிடும். சண்டைக்களத்தில் பிந்தி வந்த செய்தி வராத செய்திக்குச் சமம். ஒரு கொமாஞ்சி பேச, மற்றக் கொமாஞ்சி கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல, அலுவல் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆமையும் தையல் மெசினும்

1941ஆம் ஆண்டு ஹியூ பொஸ்டர் என்ற இளம் லெப்டினன்ட் ஒருவர் இவர்களுடன் அமர்ந்து இந்த முறையை ஒழுங்கு செய்தார். அவருக்குக் கொமாஞ்சி தெரியாது. இராணுவத்துக்கு வேண்டிய சொற்களை அவர் பட்டியலிட்டுக் கொடுத்தார். அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் அந்த இளைஞர்களே. இப்படிச் சுமார் 250 சொற்கள் உருவாகின.

யுத்த டாங்கிக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தார்கள். ஓடு போட்ட, மெதுவாக ஊர்ந்து வரும் பிராணி. இயந்திரத் துப்பாக்கி 'தையல் மெசின்' ஆயிற்று. சடசடவென்ற அதே சத்தம். குண்டுவீச்சு விமானம், அதாவது எமது ஊரில் நாம் 'பொம்மர்' என்போமே, அதற்குக் 'கர்ப்பிணி விமானம்' என்று பெயர். ஹிட்லருக்கு அவர்கள் வைத்த பெயர் 'பைத்தியக்கார வெள்ளையன்'.

இதனால் இரட்டைப் பூட்டுப் போட்டாற்போல் ஆயிற்று. கொமாஞ்சி மொழி தெரியாதவனுக்கு எதுவும் விளங்காது. மொழி தெரிந்த வேறொரு கொமாஞ்சி தற்செயலாகக் கேட்டாலும், யாரோ ஆமையைப் பற்றியும் தையல் மெசினைப் பற்றியும் கதைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான்.

இவ்விடத்தில் எமது ஊர் ஞாபகம் வராமல் போகாது. யாழ்ப்பாணத்திலே குண்டு போட வந்த ஒரு விமானத்துக்கு எமது சனங்கள் 'சகடை' என்று பெயர் வைத்தார்கள் அல்லவா? எந்தப் பண்டிதரும் கூடி அந்தப் பெயரைத் தீர்மானிக்கவில்லை. பங்கருக்குள் ஓடிக்கொண்டே வைத்த பெயர் அது. பேசப்படும் மொழிக்குப் புதிய பொருள் ஒரு தடையல்ல. தனக்குள் இருக்கும் சொல்லை எடுத்துப் புதிய பொருளுக்குச் சூட்டிக்கொள்ளும். கொமாஞ்சி இளைஞர்கள் செய்ததும் அதுவே.

இன்னொரு விடயத்தையும் நாம் கவனிக்க வேண்டும். செய்தி தளபதியிடமிருந்து ஆங்கிலத்தில் வந்தது. கொமாஞ்சியாக மாறிக் கம்பியில் போனது. மறுபக்கத்தில் மீண்டும் ஆங்கிலமாக வெளியே வந்தது. ஆங்கிலம் தெரியாத கிழவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது. கொமாஞ்சியை மறந்த இளைஞராலும் முடியாது. இரண்டும் ஒரே வாயில் இருந்தவர்கள்தான் வேண்டியிருந்தது. தாய்மொழியை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று அந்தப் பாடசாலைகள் நம்பின. அந்த நம்பிக்கை எவ்வளவு பிழை என்பதற்கு இந்த இளைஞர்களே சாட்சி.

1944 யூன் 6

1944ஆம் ஆண்டு யூன் 6ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கின. 4ஆவது டிவிசனுக்கு ஒதுக்கப்பட்ட கரைக்கு 'யூட்டா' என்று இரகசியப் பெயர். அன்று ஒரே நாளில் அந்தக் கரையில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டோர் இறங்கினர். பயிற்சி பெற்ற 17 கொமாஞ்சிகளில் 13 பேர் நோர்மண்டிச் சண்டைக்குப் போனவர்கள். சிபிட்டியும் அவர்களுள் ஒருவர்.

முதல் அலையிலேயே கரையேறியவர்களில் ஒருவர் பிரிகேடியர் ஜெனரல் தியடோர் றூஸ்வெல்ற் இளையவர். முன்னாள் ஜனாதிபதியின் மகன். வயது 56, கையில் ஊன்றுகோல். அவருடைய சாரதியாகவும் வானொலி இயக்குபவராகவும் கூட இருந்தவர் லாரி சோபிட்டி என்னும் கொமாஞ்சி இளைஞர். நீரோட்டமும் புகையும் படகுகளைத் திசைமாற்றிவிட்டதால், இறங்க வேண்டிய இடத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் தள்ளி இறங்கிவிட்டார்கள். அதற்காகத் திரும்பிப் போகவா முடியும்? இறங்கிய இடத்திலிருந்தே முன்னேறுவது என்று றூஸ்வெல்ற் முடிவெடுத்தார்.

பாதுகாப்பாகக் கரை சேர்ந்துவிட்டோம், ஆனால் இடம் மாறி இறங்கிவிட்டோம் என்ற செய்தி அன்று கொமாஞ்சி மொழியில் போனது. பாடசாலையில் பேசக்கூடாது என்று தடுத்த மொழி, உலகமே காத்திருந்த ஒரு நாளின் செய்தியை அந்தக் கரையிலிருந்து சுமந்து சென்றது. ஜேர்மனியர் கேட்டிருந்தாலும் அவர்களுக்கு அது வெறும் ஓசையே.

அன்று இடம் மாறி இறங்கியதும் ஒருவகையில் நன்மையாயிற்று. அங்கே எதிரியின் பாதுகாப்புச் சற்றுப் பலவீனமாக இருந்தது. றூஸ்வெல்ற் அதன் பின்னர் அதிக நாள் இருக்கவில்லை. யூலை 12ஆம் திகதி மாரடைப்பால் காலமானார்.

காட்டுக்குள் அறுந்த கம்பிகள்

கரையிலிருந்து 4ஆவது டிவிசன் செர்பூர்க் துறைமுகத்துக்குப் போனது. பின்னர் சான் லோ சண்டை. ஆகஸ்ட் 25ஆம் திகதி பாரிஸ் நகருக்குள் நுழைந்த படைகளில் இதுவும் ஒன்று. இன்று லா சப்பல் வீதியில் எமது கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தமிழில் வாசித்துக்கொண்டு நடக்கும் அதே பாரிஸ்தான். அந்நகரின் விடுதலையில் பங்கெடுத்த டிவிசனின் செய்திகளைச் சுமந்த மொழிகளில் கொமாஞ்சியும் ஒன்று.

றெஜிமென்ட்டுக்கு இருவராக முன்னணியிலும், மற்றையோர் டிவிசன் தலைமையகத்திலுமாக அவர்கள் பிரிக்கப்பட்டிருந்தனர். முன்னால் நிற்பவர் பேசுவார். தலைமையகத்தில் இருப்பவர் கேட்பார். இருவரும் ஒரே ஊர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் உறவினர். குரலைக் கேட்டவுடனேயே இன்னார் என்று தெரிந்துவிடும். எதிரி ஒருவன் இடையில் புகுந்து போலியாகப் பேச வழியே இல்லை.

1944 நவம்பரில் அவர்கள் ஹூர்ட்கன் காட்டுக்குள் நுழைந்தார்கள். இது ஜேர்மனியின் ஆகன் நகருக்கு அண்மையில், எமது குடும்பங்கள் பல வாழும் நோர்த் றைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில் இருக்கிறது. மழை, பனி, சேறு. நெருக்கமாக வளர்ந்த ஊசியிலை மரங்களின் உச்சியிலேயே ஷெல்கள் வெடித்துச் சிதறின. நிலத்தில் படுத்திருப்பவனுக்கும் தப்பில்லை. இழுத்த கம்பி கொஞ்ச நேரத்திலேயே துண்டு துண்டாகிவிடும். அதன் பின்னே சமிக்ஞைச் சிப்பாய்கள் எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். டிவிசன் அங்கே ஆயிரக்கணக்கானோரை இழந்தது. டிசெம்பரில் லக்சம்பேர்க்குக்கு ஓய்வுக்கென அனுப்பப்பட்டவர்கள் மேல் ஜேர்மனியரின் கடைசிப் பெருந்தாக்குதல் வந்து விழுந்தது.

கொமாஞ்சிச் சிப்பாய்களில் சிலர் காயப்பட்டனர். ஆயினும் அவர்களில் ஒருவரும் இப்போரில் உயிரிழக்கவில்லை. அவர்களின் குறியீட்டை ஜேர்மனியர் இறுதிவரை உடைக்கவும் இல்லை.

இவர்களைப் பற்றிப் பேசும்போது நவாஹோ இனத்தவரின் கதை பலருக்கு ஞாபகம் வரலாம். அவர்கள் பசுபிக் சமுத்திரத் தீவுகளில் ஜப்பானியருக்கு எதிராக மரீன் படையிலே இதேபோன்ற பணியைச் செய்தவர்கள். எண்ணிக்கையில் நானூறு பேர் வரை. 2002ஆம் ஆண்டில் ஹொலிவூட் படமும் வந்தது. கொமாஞ்சிகளின் தொகை சிறியது. அதனால் அவர்களின் பெயர் வெளியே தெரிய அதிக காலம் எடுத்தது.

காலம் பிந்தி வந்த பதக்கம்

போர் முடிந்து சிபிட்டி ஒக்லகோமாவுக்குத் திரும்பினார். துல்சா நகரிலே கண்ணாடி பொருத்தும் தொழில் செய்து வாழ்ந்தார். தமது இனத்தவரின் ஆட்டங்களில் பேர் பெற்ற ஆட்டக்காரராகவும் விளங்கினார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அவர்களைப் பெரிதாகத் தேடி வரவில்லை. முதலில் வந்தது அவர்களின் சொந்த அரசாங்கமும் அல்ல. 1989ஆம் ஆண்டு பிரான்ஸ் அரசு, உயிருடன் இருந்த மூவரைத் தேடிப் பிடித்துத் தனது தேசியத் தகுதி விருதை வழங்கியது. சிபிட்டி, றொடெறிக் றெட் எல்க், பொறெஸ்ட் கசானவொய்ட் என்போரே அம்மூவர். 1999 நவம்பர் 30ஆம் திகதி அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்ரகனில் சிபிட்டிக்கு ஒரு விருது வழங்கப்பட்டது. அப்போது அவர் ஒருவர் மட்டுமே எஞ்சியிருந்தார். தம்முடன் பணியாற்றியோர் இதைக் காண இல்லையே என்பது அவருக்குப் பெரும் மனக்குறை. தங்களைக் கௌரவிக்க ஏன் இவ்வளவு காலம் சென்றது என்றும் அவர் கேட்டார். சிறுவனாக இருந்தபோது பேசவேண்டாம் என்று தடுத்த மொழியைப் பின்னர் நாடே பேசச் சொல்லிக் கேட்டது விசித்திரம் என்றும், அம்மொழி போரை வெல்ல உதவியது தமக்குப் பெருமை என்றும் சொன்னார்.

2005 யூலை 20ஆம் திகதி, 83ஆவது வயதில் அவர் காலமானார். 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் இத்தகைய சிப்பாய்கள் அனைவரையும் கௌரவிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2013 நவம்பர் 20ஆம் திகதி வாஷிங்டனில் பல செவ்விந்திய இனங்களுக்குத் தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அது சிபிட்டியின் பிறந்த நாள். இருந்திருந்தால் அன்று அவருக்கு 92 வயது.

பதக்கத்தால் மொழி பிழைத்ததா?

கதை இத்துடன் முடிந்திருந்தால், தாய்மொழி ஒருநாள் பயன்படும் என்ற நீதியைச் சொல்லி நாமும் முடித்திருக்கலாம். ஆனால் உண்மை அவ்வளவு இனிப்பானதல்ல.

இன்று கொமாஞ்சி இனத்தவராகப் பதிந்தோர் சுமார் 17,000 பேர். அம்மொழியைச் சிறு வயது முதல் சரளமாகப் பேசி வளர்ந்தவர்களோ மிகச் சிலரே, அவர்களும் முதியவர்கள். ஒரு டிவிசனின் செய்திகளைச் சுமந்த மொழி, அச்சிப்பாய்களின் சொந்த ஊரிலே வீட்டுக்குள் பேச ஆளில்லாமல் போகும் நிலைக்கு வந்தது. 1990களில் அவர்கள் விழித்துக்கொண்டனர். மொழியைக் காக்க ஒரு குழு அமைத்தனர். 1994இல் தமக்கென ஓர் எழுத்து முறையை ஏற்றுக்கொண்டனர். அகராதி தொகுத்து, கிழவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து, பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகின்றனர். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் தாயின் வாயிலிருந்து தானாக வந்திருக்க வேண்டியதைப் புத்தகத்திலிருந்து திரும்ப எடுப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

யூட்டாக் கரையிலே அந்த மொழி பயன்பட்டது இராணுவத்தின் கெட்டித்தனத்தால் அல்ல. 1920களிலும் 1930களிலும் ஒக்லகோமாவின் சில வீடுகளில் தண்டனையையும் பொருட்படுத்தாது பிள்ளைகளுடன் அதைப் பேசிய தாய்மாராலும் பாட்டன் பாட்டிமாராலும். அவர்கள் போருக்கென்று பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கொடுக்கவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதற்கும், கதை சொல்வதற்கும், கண்டிப்பதற்கும் கொடுத்தார்கள்.

எமது வீடுகளில்

எமது நிலைமை கொமாஞ்சிகளின் நிலைமை அல்ல. தமிழைப் பேசுவோர் கோடிக்கணக்கில் உள்ளனர். தமிழ் அழியாது. ஆனால் உலகத்தில் அழியாத மொழி ஒரு வீட்டில் அழியக்கூடும். அதற்கு ஒரு தலைமுறை போதும். இங்கே தமிழ் பேசியதற்காக எமது பிள்ளைகளை விடுதியில் பூட்டுவார் இல்லை. பல நாடுகளில் தாய்மொழி வகுப்புக்கு இடம் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆகவே எமது வீட்டில் தமிழ் நின்றுபோனால் அதற்கு வேறு எவரையும் குற்றம் சாட்ட முடியாது.

வீட்டிலும் இந்த நாட்டு மொழியையே பேசுங்கள், அப்போதுதான் பிள்ளை வகுப்பில் முன்னேறும் என்று நல்லெண்ணத்துடன் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. புதிதாக வந்த பெற்றோர் பயந்துபோய் அதற்குத் தலையாட்டிவிடுகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பாடசாலை மொழியைப் பாடசாலை நன்றாகவே சொல்லிக்கொடுக்கும். எமது உடைந்த உச்சரிப்பால் அதற்கு நாம் உதவப் போவதில்லை. பாடசாலையால் கொடுக்க முடியாதது தமிழ். அதைக் கொடுக்க இந்த நாட்டில் எம்மைத் தவிர வேறு ஆளில்லை.

எமது பிள்ளைகளை இரு மொழியினராக நாம் ஏற்கனவே வேலை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். பத்து வயதுப் பிள்ளையை வைத்தியரிடமும் அரச அலுவலகத்துக்கும் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்கச் சொல்கிறோம். அம்மாவின் நோவைத் தமிழில் கேட்டு அந்நாட்டு மொழியில் சொல்லி, வைத்தியரின் பதிலை மறுபடி தமிழில் கொண்டு வருகிறது அந்தப் பிள்ளை. சிபிட்டியும் அவருடைய தோழர்களும் கம்பியின் இரு முனையிலும் செய்த வேலைக்கு இது குறைந்ததல்ல. அந்தப் பிள்ளையின் தமிழில் ஒரு சொல் பிழைத்தால் நாம் சிரிக்கிறோம், அல்லது விருந்தினர் முன் பகிடி பண்ணுகிறோம். தண்டனை செய்யாத வேலையைச் சில வேளைகளில் பகிடி செய்துவிடும். பிழையாகப் பேசும் பிள்ளை பேசப் பேசத் திருந்தும். வெட்கப்பட்ட பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

புதிய பொருளுக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லையா? பிள்ளையையே ஒரு பெயர் வைக்கச் சொல்லிப் பார்ப்போம். டாங்கிக்கு ஆமை என்று பெயர் வைத்தவர்களும் இருபது வயதைச் சுற்றிய பிள்ளைகள்தான். பனிக்கட்டி வழுக்கும் வீதிக்கும், நிலக்கீழ் ரயிலுக்கும், இலையுதிர் காலத்து மரத்துக்கும் எமது வீட்டுக்குள் ஒரு பெயர் பிறக்கட்டும். ஊரில் இருக்கும் அம்மம்மாவுடன் தொலைபேசியில் பிள்ளை தானாகக் கதைக்கட்டும். இடையில் நாம் புகுந்து மொழிபெயர்க்க வேண்டாம். இந்த வாரமே அதைத் தொடங்கலாம்.